கணினிக்கு முன் வேதியியலாளர்கள் எப்படித் தேடினார்கள்?

கேள்வி: கணினி வருவதற்கு முன், ஒரு சேர்மத்தை வேறு யாராவது ஏற்கெனவே தயாரித்திருக்கிறார்களா என்பதை வேதியியலாளர்கள் எப்படிக் கண்டறிந்தார்கள்? தகவல் அறிவியலின் வரலாற்றைப் படிக்கும்போது ஏன் திரும்பத் திரும்ப வேதியியலாளர்களின் பெயர்களே வருகின்றன? நூலக அடுக்குகளில் தூசு படிந்து நிற்கும் அந்தத் தடித்த தொகுதிகளால் இன்று ஏதேனும் பயன் உண்டா?

பதில்: இரண்டாம் கேள்வியிலிருந்து தொடங்கினால் மற்ற இரண்டும் எளிதாக விளங்கிவிடும். வேதியியலாளர் தேடுவது சொல்லை அன்று, உருவத்தை. எந்த அணு எந்த அணுவோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதே ஒரு சேர்மத்தின் உண்மையான அடையாளம். அதற்குக் கடைவீதியில் ஒரு பெயரும், மருந்துக் கடையில் ஒரு பெயரும், காப்புரிமை ஆவணத்தில் வேறொரு பெயரும் இருக்கும். ஆகவே மற்ற துறைகளுக்குப் போதுமானதாக இருந்த அகரவரிசை அடைவு வேதியியலுக்குத் தொடக்கத்திலிருந்தே போதவில்லை. இதோடு, ஒரு சேர்மத்தின் உருகுநிலையை 1880இல் ஒருவர் கவனமாக அளந்திருந்தால் அந்த அளவு இன்றும் செல்லும் என்பதால், இத்துறையில் பழைய தகவல் அவ்வளவு எளிதில் காலாவதியாவதில்லை. சாயத் தொழிலும் மருந்துத் தொழிலும் காப்புரிமைகளை நம்பி வளர்ந்தவை, ‘இது புதியதா?’ என்ற கேள்விக்குச் சரியான விடை சொல்லப் பணம் செலவிடவும் அவை ஆயத்தமாக இருந்தன. சிக்கல், தேவை, பணம் ஆகிய மூன்றும் ஒரே துறையில் சேர்ந்ததால், தகவலைத் தேடும் கலையின் பெரும்பகுதி வேதியியலாளர்களின் கையில் வளர்ந்தது.

1787இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேயும் அவருடைய மூன்று தோழர்களும் பாரிஸில் வெளியிட்ட பெயரிடுமுறையை இதன் முதல் படியாகக் கொள்ளலாம். ஒரு பொருளின் பெயரே அதில் அடங்கிய தனிமங்களைச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. கால் நூற்றாண்டுக்குப் பின் ஸ்வீடனின் பெர்சீலியஸ் தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடுகளைத் தந்தார். 1820களில் உலக வேதியியலின் ஆண்டறிக்கை ஒன்றைத் தனியொருவராக எழுதத் தொடங்கி, இறுதிக்காலம்வரை விடாமல் எழுதினார். ஒரு துறையின் ஓராண்டு வேலை முழுவதையும் ஒரே மனிதர் படித்து மதிப்பிட முடிந்த காலம் அது. அந்தக் காலம் நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1830இல் லைப்சிக் நகரில் மருந்தியலுக்கென்று தொடங்கப்பட்டு, பின்னர் வேதியியல் முழுவதையும் தழுவிக்கொண்ட ‘சென்ட்ரல்பிளாட்’ இதழ், மற்ற இதழ்களில் வந்த கட்டுரைகளின் சுருக்கங்களை மட்டுமே வெளியிட்டது. அதன் தொடக்ககால ஆசிரியர், பிற்காலத்தில் உளவியலில் புகழ்பெற்ற குஸ்டாவ் ஃபெக்னர் என்பது பலர் அறியாத செய்தி. அந்த இதழ் 1969வரை வாழ்ந்தது.

சுருக்க இதழ் ‘இந்த வாரம் புதிதாக என்ன?’ என்ற கேள்விக்குத்தான் விடை சொல்லும். ‘இந்தச் சேர்மத்தைப் பற்றி இதுவரை தெரிந்தது என்ன?’ என்ற கேள்விக்கு வேறு வகை நூல் தேவைப்பட்டது. கனிம வேதியியலில் அதை லியோபோல்ட் குமெலின் 1817இலேயே தொடங்கிவைத்தார். கரிம வேதியியலில் அதைச் செய்தவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பேராசிரியராக இருந்த ஃபிரீட்ரிக் பைல்ஸ்டைன். அவருடைய கையேட்டின் முதற்பதிப்பு 1881க்கும் 1883க்கும் இடையில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் அது ஊதிப் பெருத்தபோது, தம் காலத்துக்குப் பின் இதைத் தனியாள் எவராலும் தொடர முடியாது என்று உணர்ந்து, ஜெர்மன் வேதியியல் கழகத்திடம் அவர் பொறுப்பை ஒப்படைத்தார். என் மதிப்பீட்டில் இந்த ஒப்படைப்பு அந்த நூலைவிடவும் முக்கியமானது. அறிவைத் தொகுப்பது ஓர் அறிஞரின் சொந்த உழைப்பு என்ற நிலை மாறி, சம்பளம் பெறும் வல்லுநர்களைக் கொண்ட ஒரு நிறுவனத்தின் தொடர்பணியாக அது மாறியது இங்கேதான்.

1918 முதல் வெளிவந்த நான்காம் பதிப்பின் அமைப்பைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. அதில் எதுவும் அகரவரிசையில் இல்லை. வளையமற்ற சேர்மங்கள் 1 முதல் 4 வரையான தொகுதிகளிலும், கார்பன் அணுக்களால் மட்டுமே ஆன வளையமுள்ளவை 5 முதல் 16 வரையிலும், வளையத்தில் வேறு அணுக்களும் கலந்தவை 17 முதல் 27 வரையிலும் இடம்பெற்றன. ஒரு சேர்மம் இரண்டு இடங்களுக்குப் பொருந்தினால், அவற்றுள் கடைசியாக வரும் இடத்தில்தான் அதை வைக்க வேண்டும் என்பது விதி. எனவே கட்டமைப்பு தெரிந்தவருக்கு, அந்தச் சேர்மம் எந்தத் தொகுதியில் இருக்கும் என்பது புத்தகத்தைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஒரே ஓர் இடம், அந்த இடத்தைத் தீர்மானிப்பது அதன் உருவம். இது கோட்பாடு. நடைமுறையில் பெரும்பாலான மாணவர்கள் அந்த விதிகளைக் கற்க அஞ்சி, கடைசியில் இருந்த வாய்பாட்டு அடைவையே, அதாவது எந்தத் தனிமத்தின் அணுக்கள் எத்தனை என்பதை வைத்து வரிசைப்படுத்திய பட்டியலையே, நாடினார்கள். இன்னொரு இடர் காலதாமதம். முதன்மைத் தொகுதிகள் 1909வரை வெளியான ஆய்வுகளை மட்டுமே உள்ளடக்கியவை. பிறகு வந்தவற்றுக்குப் பத்தாண்டு, இருபதாண்டு அளவிலான துணைத்தொகுதி வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரே சேர்மத்துக்காக நான்கைந்து வரிசைகளைப் புரட்ட வேண்டியிருந்தது. அதுவும் ஜெர்மன் மொழியில். அதனால்தான் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேதியியல் ஆய்வு மாணவர்கள் ஜெர்மன் வாசிக்கக் கற்றிருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது.

வாய்பாட்டு அடைவுகள் பலவற்றின் பின்னால் ஓர் அலுவலரின் எளிய யோசனை இருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய எட்வின் ஹில் 1900இல் ஒரு வரிசைமுறையை வெளியிட்டார்: வாய்பாட்டில் முதலில் கார்பன், அடுத்து ஹைட்ரஜன், அதன்பின் மற்ற தனிமங்கள் குறியீட்டின் அகரவரிசையில், கார்பனே இல்லாவிட்டால் எல்லாமே அகரவரிசையில். இதன்படி கந்தக அமிலம் எச்2ஓ4எஸ் என்று எழுதப்படும். பார்க்க விநோதமாக இருந்தாலும் ஐயத்துக்கு இடமில்லாதது. இன்றைய தரவுத்தளங்களும் இதைத்தான் பின்பற்றுகின்றன. ஆனால் வாய்பாடு மட்டும் போதாது. சி2எச்6ஓ என்று தேடினால் சாராயத்தில் உள்ள எத்தனாலும் வரும், அதற்குச் சற்றும் தொடர்பில்லாத வாயுவான டைமெத்தில் ஈதரும் வரும். அணுக்களின் எண்ணிக்கை ஒன்று, இணைப்பு வேறு. பெரிய மூலக்கூறுகளில் ஒரே வாய்பாட்டின் கீழ் நூற்றுக்கணக்கான மாற்றியங்கள் குவிந்துவிடும். பெயரைச் சீர்படுத்தி இதைத் தீர்க்கலாம் என்று 1892இல் ஜெனீவாவில் ஒன்பது நாடுகளின் வேதியியலாளர்கள் கூடி விதிகளை வகுத்தார்கள். 1919இல் தோன்றிய பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் அப்பணியை ஏற்றுக்கொண்டது. எனினும் விதிப்படி அமைந்த பெயர்கள் சில வேளைகளில் மூன்று வரிக்கு நீண்டுவிட்டன என்பதையும், அவற்றை அமைப்பதிலேயே வல்லுநர்கள் தடுமாறினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்க வேதியியல் கழகம் 1907இல் ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ இதழைத் தொடங்கியது. அமெரிக்க ஆய்வுகளை ஐரோப்பியச் சுருக்க இதழ்கள் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்ற மனக்குறையும் இதற்கு ஒரு காரணம். முதலாண்டில் ஏறத்தாழ 12,000 சுருக்கங்கள் வந்தன. 1909இல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்கு இடம்பெயர்ந்த அந்த அலுவலகத்தை, 1915 முதல் 1958வரை ஈ. ஜே. கிரேன் நடத்தினார். சுருக்கம் எழுதியவர்களில் பெரும்பாலோர், பெயரளவான ஊதியத்துக்கு இரவில் அமர்ந்து எழுதிய பேராசிரியர்களும் தொழிற்சாலை வேதியியலாளர்களுமே. அந்த இதழின் உண்மையான பலம் சுருக்கங்களைவிட அடைவுகளில்தான் இருந்தது. ஆசிரியர் தம் கட்டுரையில் எந்தப் பெயரைப் பயன்படுத்தியிருந்தாலும், அடைவில் அந்தச் சேர்மம் அலுவலகம் தேர்ந்த ஒரே பெயரின் கீழ்தான் வரும். அந்த முடிவை ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஒரு மனிதர் உட்கார்ந்து எடுத்தார். பத்தாண்டுக்கு ஒருமுறை ஒன்றுதிரட்டி வெளியிடப்பட்ட கூட்டடைவு, 1957 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளிவர வேண்டியதாயிற்று. நூலகத்தில் தேடுபவர் கூட்டடைவில் தொடங்கி, அண்மை ஆண்டுகளுக்குத் தனியடைவுகளைப் பார்த்து, எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு, சுருக்கத் தொகுதிகளை எடுத்து, பின்னர் மூல இதழைத் தேடுவார். முழுமையான ஒரு தேடலுக்கு நாள்கணக்கில் ஆகும். உங்கள் முதல் கேள்விக்கான நேரடி விடை இதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆய்வுத்தாள்கள் பெருகிய வேகத்தில் இந்த முறை மூச்சுத்திணறியது. தகவலைத் துளைகளாகப் பதிந்து பொறியால் பிரிக்கும் துளை அட்டைகளும், ஓரத்தில் வெட்டுக் கொண்ட அட்டைகளும் வேதியியல் ஆய்வகங்களில் பரவின. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜேம்ஸ் பெர்ரியும் பிரிட்டனின் மால்கம் டைசனும் ஐபிஎம் நிறுவனத்தை அணுகி, வேதியியல் தேடலுக்கு ஒரு பொறி வேண்டுமென்று கேட்டார்கள். அப்பணி அங்கிருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்ற பொறியாளரிடம் வந்தது. கடன் அட்டை எண்களைச் சரிபார்க்க இன்று உலகமே பயன்படுத்தும் கணக்குமுறையைத் தந்த அதே லூன்தான் அவர். அதுவரை நெசவுத் துறையிலும் வேறு பல துறைகளிலும் கண்டுபிடிப்புகள் செய்துவந்தவர், இதன் வழியாகவே தகவல் தேடலுக்குள் இழுக்கப்பட்டார்.

பொறிக்கு ஊட்ட வேண்டுமானால் உருவத்தை எழுத்தாக்க வேண்டும். டைசன் ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார்; பன்னாட்டு ஒன்றியமும் அதை ஏற்றது. ஆனால் பயனாளர்களிடம் வென்றது வில்லியம் விஸ்வெஸர் உருவாக்கிய முறையே. அதில் ஆஸ்பிரினை ‘கியூவிஆர் பிஓவி1’ என்று எழுதினார்கள். ‘கியூ’ என்றால் ஹைட்ராக்சில். ‘வி’ என்றால் கார்போனைல். ‘ஆர்’ என்றால் முழு பென்சீன் வளையம். இடைவெளிக்குப் பின் வரும் ‘பி’, வளையத்தில் அடுத்த இடம். அங்கே ‘ஓ’ என்ற ஆக்சிஜன், மீண்டும் ஒரு கார்போனைல், ஒரே கார்பன் கொண்ட ஒரு கிளை. வளையமும் கிளைகளும் கொண்ட ஒரு படம் ஒரு துளை அட்டையின் மூலையில் அடங்கிவிட்டது. பெரிய மருந்து நிறுவனங்கள் தங்கள் சேர்மக் கோப்புகளை இம்முறையில் மாற்றி எழுதின. பழகியவர்கள் வரியைப் பார்த்தவுடன் கட்டமைப்பைச் சொல்லிவிடுவார்கள். நினைவகம் விலையுயர்ந்த சரக்காக இருந்த காலத்துக்கு அச்சொட்டாகப் பொருந்திய இம்முறை, நினைவகம் மலிந்ததும் வழக்கொழிந்தது.

இந்த இடத்தில் நம் பக்கத்திலிருந்து சென்ற ஓர் உண்மையான தொடர்பைச் சொல்ல வேண்டும். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஒரு பொருளை ஒரே கிளையில் அடைக்காமல், அதன் பல முகங்களைத் தனித்தனியே குறித்துச் சேர்ப்பது அதன் அடிப்படை. இந்த யோசனையை 1950களில் லண்டனில் அறிவியல் தகவலுக்கு எடுத்துச் சென்றவர்களில் முன்னின்றவர் பிரையன் விக்கரி. அவர் படிப்பால் வேதியியலாளர், அப்போது ஐசிஐ என்ற பிரிட்டிஷ் வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்றில் நூலகர். பொருள், பண்பு, செய்முறை என்று பல முகங்களைச் சேர்த்துக் கேட்கப்படும் வேதியியல் கேள்விகளுக்கு மரக்கிளைப் பகுப்பு உதவாது என்பதை அன்றாடம் கண்டவர்களுக்கு ரங்கநாதன் சொன்னது உடனே விளங்கியது. இந்தியாவிலேயே, யுனெஸ்கோ உதவியோடு 1952இல் டெல்லியில் அமைந்த இன்ஸ்டாக் என்ற தேசிய அறிவியல் ஆவண மையம், வெளிநாட்டுக் கட்டுரைகளின் நிழற்படிகளையும் மொழிபெயர்ப்புகளையும் கேட்டவர்களுக்கு அனுப்பியது.

உண்மையான திருப்பம் 1957இல் வந்தது. அமெரிக்கத் தேசிய தரநிர்ணய நிலையத்தைச் சேர்ந்த லூயிஸ் ரே, ரசல் கிர்ஷ் ஆகிய இருவரும், எந்த அணு எந்த அணுவோடு இணைந்துள்ளது என்ற பட்டியலை அப்படியே கணினிக்குக் கொடுத்து, ஒரு மூலக்கூறின் பகுதி இன்னொரு மூலக்கூறுக்குள் இருக்கிறதா என்று அணு அணுவாக ஒப்பிட்டுத் தேட முடியும் என்று காட்டினார்கள். பெயரும் வேண்டாம், குறியீடும் வேண்டாம். ஆனால் ஒரு தடை எஞ்சியது: ஒரே மூலக்கூறின் அணுக்களுக்கு ஒருவர் ஒரு வரிசையிலும் இன்னொருவர் வேறு வரிசையிலும் எண்ணிட்டால் பட்டியல்கள் வேறுபடும், இரண்டும் ஒன்றுதான் என்பது கணினிக்குத் தெரியாது. கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸின் கொலம்பஸ் அலுவலகத்தைச் சேர்ந்த ஹாரி மார்கன் 1965இல் வெளியிட்ட வழி இதைத் தீர்த்தது. ஒவ்வோர் அணுவுக்கும், ஹைட்ரஜன் தவிர்த்து அதை ஒட்டியுள்ள அணுக்களின் எண்ணிக்கையை முதலில் கொடுப்பது. பிறகு அந்த எண்ணுக்குப் பதிலாக அண்டை அணுக்களின் எண்களைக் கூட்டி வைப்பது. வெவ்வேறு எண்களின் எண்ணிக்கை இனி கூடாது என்ற நிலைவரை இதையே திரும்பச் செய்வது. பெரிய எண் பெற்ற அணுவிலிருந்து எண்ணிடத் தொடங்குவது. சமநிலை வந்தால் தனிமத்தையும் பிணைப்பையும் கொண்டு தீர்ப்பது. யார் வரைந்தாலும் ஒரே பட்டியல். கணினி வந்ததை எல்லோரும் பெரிதாகப் பேசுகிறோம். எனக்கென்னவோ, ஒரு தாளில் எழுதிவிடக்கூடிய இந்தக் கணக்குதான் வேதியியல் தகவல் அறிவியலைக் கைத்தொழிலிலிருந்து விடுவித்ததாகத் தோன்றுகிறது.

அதே 1965இல் அந்த அலுவலகம் தொடங்கிய பதிவேட்டில், ஒவ்வொரு புதிய சேர்மத்துக்கும் வரிசையாக ஓர் எண் வழங்கப்பட்டது. அந்த எண்ணில் வேதியியல் பொருள் எதுவும் இல்லை. இருக்கக் கூடாது என்பதே திட்டம். இன்று வேதிப்பொருள் புட்டிகளின் மேலும் பாதுகாப்புக் குறிப்புத் தாள்களிலும் நீங்கள் காணும் சிஏஎஸ் (கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ்) எண் அதுதான். நீரின் எண் 7732-18-5. கடைசி 5 என்பது சரிபார்ப்பு இலக்கம். மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக எடுத்து 8ஐ 1ஆலும், 1ஐ 2ஆலும், 2ஐ 3ஆலும், 3ஐ 4ஆலும், 7ஐ 5ஆலும், அடுத்த 7ஐ 6ஆலும் பெருக்கிக் கூட்டினால் 105 வரும்; அதன் கடைசி இலக்கம் 5. ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். 2015இல் அப்பதிவேடு 10 கோடிச் சேர்மங்களைத் தொட்டது. அச்சு இதழ் 2010இன் தொடக்கத்தோடு நின்றுபோனது.

யூஜின் கார்ஃபீல்டும் வேதியியல் பட்டதாரிதான். மேற்கோள்களைக் கொண்டு அறிவியல் கட்டுரைகளைத் தேடலாம் என்று 1955இல் எழுதினார். ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் எவ்வாறு எடுத்தாண்டன என்று அமெரிக்க வழக்கறிஞர்கள் பார்த்துவந்த அடைவுதான் அவருக்கு முன்மாதிரி. 1961இன் 613 இதழ்களிலிருந்து 14 லட்சம் மேற்கோள்களைத் திரட்டி அவர் அதைச் செய்தும் காட்டினார். அவர் பெயரைக் கேட்டதும், ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் தாக்கக் காரணியைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதன் மீது பல்கலைக்கழகங்கள் கட்டியெழுப்பிய மதிப்பெண் ஆட்சியைப் பற்றி எனக்கு நல்ல கருத்து இல்லை. ஆனால் புதிய சேர்மங்களை உடனுக்குடன் அறிவிக்கும் ‘இண்டெக்ஸ் கெமிக்கஸ்’ இதழை 1960இல் தொடங்கியவரும் அவரே. வேதிப்பெயர்களை மூலக்கூறு வாய்பாடாக மாற்றும் கணக்குமுறைக்காக 1961இல் மொழியியல் துறையில் முனைவர் பட்டம் பெற்றவரும் அவரே.

அதன் பிறகு நடந்தவை நமக்கு அண்மையில் உள்ளவை என்பதால் விரைவாகக் கடந்துவிடலாம். ஓல்கா கென்னார்ட் 1965இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய படிகக் கட்டமைப்புத் தரவுத்தளம் 2019இல் பத்து லட்சம் கட்டமைப்புகளை எட்டியது. டேவிட் வைனிங்கர் 1980களில் உருவாக்கிய ‘ஸ்மைல்ஸ்’ குறியீட்டில் எத்தனாலை ‘சிசிஓ’ என்று எழுதினாலே போதும். மனிதர் எளிதாக எழுதட்டும், ஒழுங்குபடுத்தும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் எண்ணம். 2004இல் அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் ‘பப்கெம்’ தரவுத்தளத்தைக் கட்டணமின்றித் திறந்தபோது, தன் கட்டணச் சேவையோடு அரசுப் பணம் போட்டியிடுகிறது என்று அமெரிக்க வேதியியல் கழகம் எதிர்ப்புத் தெரிவித்தது. பப்கெம் நிற்கவில்லை. கட்டணம் கட்ட இயலாத ஒரு கல்லூரி ஆசிரியருக்கு அது என்ன பொருள்தரும் என்பதைப் பார்த்தவன் என்ற முறையில், அந்தத் தகராறில் நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் அரை நூற்றாண்டுக் காலம் மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்த்த பதிவேட்டின் தரம், யார் வேண்டுமானாலும் இட்டு நிரப்பும் தரவுத்தளத்துக்குத் தானாக வந்துவிடாது. 2005இல் வெளிவந்த ‘இன்ச்சி’ என்ற பொதுக் குறியீடு, எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத அடையாளம் ஒன்றை ஒவ்வொரு சேர்மத்துக்கும் தந்தது.

இனி உங்கள் மூன்றாம் கேள்வி. பழைய தொகுதிகளுக்கு இன்றும் பயன் உண்டு. பைல்ஸ்டைனின் உள்ளடக்கம் இப்போது ‘ரியாக்சிஸ்’ என்ற கட்டணத் தரவுத்தளத்தில் இருக்கிறது. அந்தக் கட்டணம் கட்டாத நூலகத்தில், 1960க்கு முந்தைய தயாரிப்பு முறைகளைத் தேடச் சிறந்த வழி அந்தத் தடித்த தொகுதிகளே. வாய்பாட்டு அடைவில் தொடங்குங்கள், ஜெர்மன் சொற்கள் ஐம்பது தெரிந்தால் போதும். 1907க்கு முந்தைய ஆய்வுகளுக்குச் சென்ட்ரல்பிளாட் துணை நிற்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அணு எடைகளைப் பற்றி 1860இல் கார்ல்ஸ்ரூவே மாநாட்டில் விவாதம் நடந்து, அடுத்த சில ஆண்டுகளில் ஒத்த கருத்து உருவாகும்வரை, பலர் கார்பனுக்கு 6 என்றும் ஆக்சிஜனுக்கு 8 என்றும் எடை வைத்து எழுதினார்கள். குமெலினின் பக்கங்களில் எத்தனால் சி4எச்6ஓ2 என்றே இருக்கும். இன்று அந்த வாய்பாட்டைத் தட்டச்சு செய்தால் வினைல் அசிட்டேட் போன்றவை வந்து நிற்கும். அக்காலக் கரிமச் சேர்மங்களின் வாய்பாட்டில் கார்பன், ஆக்சிஜன் எண்ணிக்கைகளைப் பாதியாக்கி, ஹைட்ரஜனை அப்படியே விட்டால் பெரும்பாலும் இன்றைய வாய்பாடு கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால், அந்த ஆசிரியர் எந்த அணு எடைகளைக் கொண்டு எழுதினார் என்பதை நூலின் முகப்புப் பகுதியில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.